ஒரே இடத்தில் இரண்டு

மோன்டேவிடியோவில் ஆகஸ்ட் என்றால் குளிர்.
அன்று மழையும்.
முரசுத் தோலைக் காய்ச்சத்
தெருவில் நெருப்பு மூட்ட வழியில்லை.
டயர் கடையின் பின்னறையில்
மேசைமேல் இரண்டு ரப்பர் பேடுகளை வைத்து
நில்டாவையும் வில்மாரையும்
எதிரெதிரே உட்காரவைத்தேன்.

விவாகரத்தாகி ஒன்பது வருடம்.
நாய் வாரம் ஒருவர் வீட்டில்.
ஊர்வலக் குழுவை மட்டும்
இருவரில் ஒருவரும் விட்டுத்தரவில்லை.
"அவனிடம் சொல், ஓடுகிறான்."
"அவளிடம் சொல், ஓடவில்லை, அவள்தான் நிற்கிறாள்."
நடுவில் நான், ஹெட்போனோடு,
இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு.

இரவில் ஓடவிட்டால் சத்தம் சரியில்லை.
ஒவ்வொரு அடியும் வீங்கியிருந்தது,
தகரக் குழாய்க்குள் யாரோ இருமுவதுபோல.
திரையில் குறையொன்றும் தெரியவில்லை:
பச்சைக் கட்டங்கள் அதனதன் கோட்டில்.
ஒன்றைச் சுட்டியால் பிடித்து இழுத்தேன்.
அடியில் அதேபோல் இன்னொன்று.

நில்டாவின் பேடிலிருந்து இரண்டு கேபிள்.
புதியதைச் செருகிய கை
பழையதைப் பிடுங்க மறந்திருக்கிறது.
அவள் ஒருமுறை தட்டினால்
இரண்டு வாசல் வழியாக நுழைந்து
ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது அடி.

மெனுவில் இதற்கென்றே ஒரு வரி உண்டு:
இரட்டை நோட்டுகளை நீக்கு.
நீக்கினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு போயின என்றது,
பேன் பார்த்தவள் எண்ணிச் சொல்வதுபோல.
சத்தம் துலங்கிவிட்டது.
தூங்கப் போனேன்.

மறுநாள் வில்மார் வந்து கேட்டான்.
மாத்தே கையிலேயே ஆறியது.
கடைசிவரை கேட்டுவிட்டு,
"நன்றாக இருக்கிறது. நான் எங்கே?"

இதோ, இதோ என்று கட்டங்களைக் காட்டினேன்.

"அங்கே இருக்கிறேன்.
அவளை விட்டு விலகின இடமெல்லாம் இருக்கிறேன்.
சேர்ந்து விழுந்த இடத்தில்தான் இல்லை."

வாயடைத்துப் போனேன்.
முந்தியதையும் பிந்தியதையும்
கோட்டுக்கு இழுத்து ஒட்டவைத்தது நான்.
ஒரே ட்ராக், ஒரே ஸ்வரம், ஒரே நொடி;
மென்பொருளுக்கு அங்கே ஒருவர் போதும்.

நீக்குமுன் ஒரு பிரதி எடுத்திருந்தேன்,
அந்த மட்டும் புத்தி.
அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
அழுத்தத்தின் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
கேபிள் செய்தது ஈயடிச்சான் காப்பி:
தொண்ணூற்றேழுக்கு அடியில் தொண்ணூற்றேழு.
வில்மார் எண்பத்தெட்டு,
கோபத்தில் நூற்றுமூன்று,
ஓரிடத்தில் வெறும் நாற்பது, தொட்டும் தொடாமல்.
கேபிளுக்கு அப்படித் தொடத் தெரியாது.

இரண்டு ராத்திரி.
நூற்றுமுப்பது இடங்களில் அவனைத் திரும்ப உட்காரவைத்தேன்.

நாற்பத்தோராவது சுற்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன்.
இரண்டே கட்டம். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றொன்று.
பழைய கேபிளின் முனை லூஸ்,
வேண்டியபோது பேசும், இல்லையென்றால் இல்லை.
ஆகவே இது நில்டா இரண்டுமுறையாக இருக்கலாம்.
அல்லது நில்டாவும் வில்மாரும்
ஒரே கனத்தில் ஒரே சமயம்.

போனில் கேட்டேன்.
"அவன் அங்கே வந்திருக்க மாட்டான்" என்றாள் நில்டா.
"அங்கே நான் இருந்தேன்" என்றான் வில்மார்.
கோர்ட்டிலும் இதையேதான் சொன்னார்களாம்,
வேறெதையோ பற்றி.

கீழே இருந்ததை மியூட் செய்தேன். அழிக்கவில்லை.
பச்சைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது,
இழுத்துப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும்.

கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி
டயர்களுக்கு நடுவே ஆணியில் மாட்டினேன்.
வெளியே மழை விட்டிருந்தது.
யாரோ அட்டைப் பெட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்,
நெருப்புக்கு.